நம்ம வாசலை யார் பார்ப்பது?

என் வீட்டு வாசலில் கேமரா மாட்டி ஒன்பது மாதம் ஆகிறது. "உனக்கெதுக்குய்யா கேமரா, அப்படி என்ன வச்சிருக்க வூட்டுல?" என்று கேட்காத ஆள் இல்லை. ஊர்க்காரன் கேட்டால் கிண்டல் என்று விட்டுவிடலாம். நம்ம தோழர்களே கேட்டார்கள். ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பேத்கர் பிறந்த நாள் முடிந்த மறுநாள் விடியற்காலை. தெருமுனையில் நாங்கள் கட்டியிருந்த பேனரைக் கிழித்திருந்தார்கள். என் வாசலில் நின்ற வண்டியின் சீட்டை பிளேடு போட்டுக் கோடு கோடாக அறுத்திருந்தார்கள். வண்டி கூடப் பரவாயில்லை. பேனரில் அவர் முகம் இருந்த துண்டை மட்டும் தனியாக எடுத்துச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். காவல் நிலையத்துக்குப் போனோம். "யாருன்னு கண்ணால பாத்தீங்களா? பாக்கலன்னா யார் மேல போடச் சொல்ற எஃப்.ஐ.ஆர்.?" என்றார்கள். பார்த்தவர் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டார். அன்றைக்கு முடிவு பண்ணியதுதான் கேமரா.

ஆனால் இந்தக் கட்டுரை கேமராவைப் பற்றியதல்ல. கேமரா எல்லாம் ஒன்றுதான். இரண்டு மெகாபிக்சல், ராத்திரியில் கறுப்பு வெள்ளை, மழை பட்டால் கெடாத மூடி. கடையில் எது கொடுத்தாலும் வாசலைக் காட்டும். அந்தக் காட்சியை எதில் பார்ப்பது என்பதுதான் கேள்வி. இதை ஒரு கேள்வியாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் பட்டேன்.

டவுனிலிருந்து மாட்ட வந்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ரூபாய் கைமாறும் இடத்தில் அண்ணன் தம்பி ஆகிவிடுகிறோம், அது வேறு கதை. இரண்டு கேமரா, நாலு கேமரா வரை தாங்கும் ஒரு டி.வி.ஆர். பெட்டி, அதற்குள் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். "திரை எதுக்குண்ணே, தண்டச் செலவு. எல்லாம் செல்லுலயே பாத்துக்கலாம். நீங்க சென்னையில இருந்தாலும் வாசல் தெரியும்" என்றார். என் செல்போனை வாங்கி ஏதோ ஒரு செயலியை ஏற்றினார், ஒரு கட்டத்தைப் படம் பிடித்தார், வாசல் தெரிந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு வேப்பமரத்தை நானே பார்த்தேன்.

ஐந்தாவது மாதம் என் தங்கச்சி மகள் பாலிடெக்னிக் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆயாவுக்கு வாசலைக் காட்ட என் செல்லை வாங்கிப் பார்த்தவள், "மாமா, இது உங்க கணக்கே இல்ல. வேற ஒருத்தர் கணக்கு. அவர் உங்களுக்குப் பாக்கறதுக்கு மட்டும் பங்கு குடுத்திருக்கார், அவ்ளோதான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. விளக்கினாள். பெட்டியின் எண்ணை முதலில் எவன் தன் கணக்கில் பதிகிறானோ அவன்தான் அந்தச் செயலிக்குச் சொந்தக்காரன். அவன் பகிர்ந்தால் மற்றவர் பார்க்கலாம். அவன் நிறுத்தினால் நின்றுவிடும். காசு கொடுத்தவன் நான், சுவர் என்னுடையது, கரண்டு என்னுடையது. என் வாசலுக்கு நான் விருந்தாளி.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின மாதம் இரண்டு பிள்ளைகள் மூன்று ராத்திரி என் வீட்டில் தங்கியிருந்தார்கள். பையன் நம்ம பையன். பெண் நம்ம பெண் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போகிற வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று தோழர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கேமரா இருக்கிற வீடு, பாதுகாப்பு என்று சொல்லித்தான் என் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வந்ததும் போனதும் அந்த வாசல் வழியாக. அந்த மூன்று நாளும் அந்த வாசல் இன்னொருவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். அவர் மறைக்கவே இல்லை. "சர்வீசுக்காகத்தாண்ணே வச்சிருக்கேன். நாளைக்கு ஒரு கோளாறுன்னா நீங்க என்னத்தான கூப்பிடுவீங்க? எல்லா வீட்டுக்கும் அப்படித்தான்" என்று தன் செல்லை எடுத்து எனக்கே காட்டினார். விரலால் தள்ளத் தள்ள வீடு வீடாக வந்துகொண்டே இருந்தது. வாத்தியார் வீடு, அரிசி மண்டி, டாக்டர் மாடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டிருந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் வீட்டுக்கு என் பெயர் இல்லை. 'காலனி' என்று எழுதியிருந்தது.

அந்த ஆள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை ஒரு தடவை கூட என் வாசலை அவர் திறந்து பார்த்திருக்கமாட்டார். ஆனால் அவர் பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல குணத்தால்தானே தவிர, என் உரிமையால் அல்ல. நல்ல குணத்தை நம்பிக் காலம் தள்ளிய சனம் நாம். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியும்.

இது எங்கள் டவுனில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. வாசல் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளைப் பார்க்க முடிந்திருக்கிறது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள், பெண்களைப் பரிசோதிக்கிற காட்சிகள், யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்தது 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. 2016-இல் மிராய் என்கிற கிருமி உலகம் முழுக்கப் பரவியதும் இப்படிப்பட்ட கேமராக்கள், பெட்டிகள் வழியாகத்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதுதான் அதற்குக் கதவு. என் பெட்டியின் கடவுச்சொல் என்ன தெரியுமா? கடைக்காரரின் செல்போன் எண். எங்கள் டவுன் முழுக்க அதுதான்.

சரி, இப்போது திரைக்கு வருகிறேன். அவரை வைத்துக்கொண்டே என் பெட்டியை அவர் கணக்கிலிருந்து எடுக்கச் செய்தோம். அவர் எடுத்தால்தான் நாம் நம் கணக்கில் சேர்க்க முடியும். இதை நினைவில் வையுங்கள், அவரோடு சண்டை போட்டுவிட்டால் கம்பெனிக்கு எழுதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பிறகு கடவுச்சொல்லை மாற்றினோம். இணையக் கம்பியைப் பிடுங்கினோம். செல்லில் வாசல் போயிற்று. இனி எதில் பார்ப்பது?

முதலில் கலைஞர் டி.வி. 2006-இல் வந்த ஆட்சி கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி ஆயா அறையில் இன்னும் ஓடுகிறது, தலையில் தட்டினால். பெட்டியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. துளை, அந்த டி.வி.யில் இருப்பது மஞ்சள் சிவப்பு வெள்ளைத் துளை. நடுவில் ஒரு சின்ன மாற்றுப்பெட்டி, சில நூறு ரூபாய். படம் வந்துவிட்டது. ஆள் வருவது தெரிகிறது, நாய் வருவது தெரிகிறது. ஆனால் முகம் தெரியவில்லை, வண்டி எண் தெரியவில்லை. பதிவில் முகம் இருக்கிறது, திரையில் இல்லை. அந்தக் குண்டு டி.வி.க்கு அவ்வளவு கோடுகள் கிடையாது. வேறு வழியில்லாத வீட்டுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்து லேப்டாப். 2011-க்குப் பிறகு பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் நம்ம காலனியில் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் எச்.டி.எம்.ஐ. கம்பியை அதில் சொருகினான். ஒன்றும் வரவில்லை. வராது. லேப்டாப்பில் இருக்கிற அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புகிற வழி, உள்ளே வாங்குகிற வழி அல்ல. இதற்காகப் புதுக் கம்பி இரண்டு வாங்கிக் காசைத் தொலைத்தோம். ஒரு ரவுட்டரில் பெட்டியையும் லேப்டாப்பையும் கட்டினால் உள்ளுக்குள்ளேயே பார்க்கலாம், இணையம் வேண்டியதில்லை. பார்த்தோம். ஆனால் படம் இழுத்து இழுத்து நின்றது. பெட்டி புதிய எச்.265 முறையில் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, பழைய லேப்டாப்புக்கு அதை விரிக்கிற தெம்பில்லை. எச்.264 என்று மாற்றி, சின்ன அளவுப் படத்தைக் கேட்டால் ஓடுகிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினால் விசிறி அலறுகிறது. பிள்ளை படிக்கிற பொருளை வாசலுக்குக் காவல் வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சிலர் பழைய செல்போனைச் சுவரில் ஒட்டி சார்ஜர் சொருகியபடியே விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். எந்நேரமும் மின்சாரத்தில் கிடக்கிற பேட்டரி சூடாகி உப்பிவிடும். எங்கள் தெருவில் ஒன்று பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

கடைசியில் டவுனில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடையில் ஒரு மானிட்டர் வாங்கினேன். பதினெட்டரை அங்குலம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு முன்னால் ஓசியில் கிடைத்த சதுர மானிட்டரில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மட்டும் வந்தது. பெட்டி அனுப்புகிற பெரிய படத்தை அதனால் வாங்க முடியவில்லை. வேறு டி.வி.யில் சொருகி, பெட்டியின் அமைப்பில் படத்தின் அளவைக் குறைத்து, பிறகு கொண்டுவந்து மாட்டினால் அதுவும் வேலை செய்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. போகட்டும், அதை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். வாங்கிய மானிட்டர் இருபது வாட் தின்கிறது. ராப்பகலாக ஓடினால் நாளைக்கு அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட் வரும். ஆளில்லாத நேரத்தில் அதை அணைத்து வைக்கலாம், பெட்டி தன்பாட்டில் பதிந்துகொண்டிருக்கும். பலர் திரையை அணைத்தால் பதிவும் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது.

செல்போனே வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அடம் என்று ஒரு தோழர் கோபமாகக் கேட்டார். "நாமெல்லாம் வேலைக்குப் போற சனம். பகல்ல வூடு பூட்டிக் கெடக்கு. மானிட்டர உத்துப் பாக்க யார் இருக்கா? எரிச்சுட்டுப் போனப்புறம் பாக்கறதுக்கா?" நியாயமான கேள்வி. வீட்டில் ஆளே இல்லாதவர்களுக்குச் செல்தான் வழி, நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு அவர்கள் பெயரில், அவர்கள் கையாலேயே தொடங்கப்பட்டிருக்க வேண்டும். செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு அளவுப் படம் வினாடிக்கு இரண்டு மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜி.பி. போய்விடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று ரீசார்ஜ் பண்ணுகிறவன் இரண்டு மணி நேரம் கூடப் பார்க்க முடியாது. சின்னப் படமாக மாற்றினால் கால் பங்குக்கும் கீழே வரும், முகம்தான் தெரியாது. ஆள் நடமாட்டம் என்று எச்சரிக்கை அடிக்கும் என்பார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செல்லே அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடும், எச்சரிக்கை சாவகாசமாக வரும்.

ஆனால் எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. ஆயா இருக்கிறது, என் மனைவி பாதி நாள் இருக்கிறாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாசல் தெரியாமல், வெளியே சுற்றுகிற எனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது ஐந்து மாதம். இதுதான் எனக்குக் கடைசியாக உறைத்தது. சரியாகச் சொன்னால் என் மனைவிதான் உறைக்க வைத்தாள். "நீ பஸ்ஸுல இருந்து போன் போட்டு யாரு வந்துட்டுப் போறான்னு கேக்கற. நான் உள்ள இருக்கறேன், எனக்குத் தெரியல. அப்ப நீ வாசலப் பாத்தியா, என்னப் பாத்தியா?" என்றாள். நான் திருடனைப் பார்க்கத்தான் மாட்டினேன். சத்தியமாக அப்படித்தான். ஆனால் தினமும் நான் பார்த்தது அவள் எத்தனை மணிக்குத் தண்ணிக்குப் போனாள், யாரோடு நின்று பேசினாள் என்பதைத்தான். வெளிநாட்டிலும் சென்னையிலும் இருந்துகொண்டு கூடத்திலும் அடுப்படியிலும் கேமரா வைத்து மனைவியைச் செல்லில் பார்க்கிற ஆண்கள் நம்ம காலனியிலும் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்று பெயர். ஊர்க்காரன் நம்மைப் பார்ப்பது கண்காணிப்பு, நாம் நம்ம பெண்களைப் பார்ப்பது அக்கறையா? இதைப் பேசாமல் விடுதலை பேசுகிற தோழர்கள் என் மேல் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மானிட்டர் கூடத்தில் இருந்தால் எல்லோரும் பார்க்கலாம். என்ன தெரிகிறது, எது தெரியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் கேமரா வைக்கிற எண்ணமே வராது.

ஆயாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "நம்ம வூட்ட நாமளே உத்துப் பாக்கணுமா?" என்றது. ஊர்க் களத்துக்கும் பயிருக்கும் ராக்காவல் காத்த குடும்பம் எங்களுடையது. தாத்தா காத்த நெல் எதுவும் எங்கள் வீட்டு நெல் அல்ல. இப்போது ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே திரையைப் பார்க்கிறது. யார் வந்தாலும் கதவைத் திறக்குமுன் பெயர் சொல்லிவிடுகிறது.

இன்னொரு காரணம், எல்லாவற்றையும் விட முக்கியமானது. சாட்சி. 2015 ஜூனில் கோகுல்ராஜைக் கடைசியாகக் காட்டியது திருச்செங்கோடு மலைக்கோயில் கேமரா. வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்துபோனார். காட்சியை எதிரில் போட்டுக் காட்டியும் அது நான் இல்லை என்றார். அந்தக் காட்சி நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜுக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை வந்தது, 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியதையும் ஒரு கேமராதான் நாட்டுக்குக் காட்டியது. எதிர்ப்பக்கம் சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்சும் அடிபட்ட அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவதற்கு இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைக்கே தானாக அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமரா இருப்பது பெரிதல்ல, பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிது.

அந்தப் பெட்டியைத் திறக்கத் திரை வேண்டும். என் பெட்டியில் இரண்டு கேமராவுக்கு இருபது நாளுக்குச் சற்று மேல் பதிவு நிற்கும், பிறகு பழசின் மேல் புதுசு ஏறிவிடும். அதற்குள் பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும். மானிட்டரும் மவுசும் இருந்தால் ஆயாவின் பேத்தியே எடுத்துவிடுகிறாள். செல்லில் திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். நகல் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு. அசல் பெட்டியையே உரியவர் நேரில் கொண்டுவந்து சாட்சி சொன்னால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் 2020 ஜூலையில் பழைய சட்டத்தின் கீழ் சொன்னது. உரியவர் என்று நிற்க நாம் உரியவராக இருக்கவேண்டும் அல்லவா? திரையின் மூலையில் ஓடுகிற தேதியையும் மணியையும் வாரம் ஒரு தடவை பாருங்கள். என் பெட்டியில் ஒரு மணி நேரம் பிந்தி ஓடியது. அந்த ஒரு மணி நேரம் போதும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு. போலீஸ் பெட்டியைக் கேட்டு வந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பெட்டியையே உடைத்துவிட்டால்? உடைப்பார்கள்தான். அதனால் திரை கூடத்தில், பெட்டி வேறு இடத்தில். எங்கே என்று எழுதமாட்டேன். சின்ன யு.பி.எஸ். ஒன்று போட்டிருக்கிறோம், தெருவில் கரண்டை அணைத்துவிட்டு வந்தாலும் கொஞ்ச நேரம் ஓடும்.

இதெல்லாம் என் வீட்டுக் கதை. ஊர்த்தெரு முடிந்து காலனிப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பம் நட்டு இரண்டு கேமரா வைத்திருக்கிறார்கள். இரண்டும் எங்கள் பாதையைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கின்றன, ஊர்த்தெருவைப் பார்த்து ஒன்றுகூட இல்லை. யார் செலவு என்று கேட்டால் பொதுச் செலவு என்கிறார்கள். அதன் திரை எந்த வீட்டில், எந்தக் கடையில், எத்தனை பேர் செல்லில் இருக்கிறது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறோம். கேமராவை எடு என்று கேட்கவில்லை, திரையைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வை, ஒரு கேமராவை அந்தப் பக்கம் திருப்பு என்று கேட்கிறோம். இதுவரை பதினேழு கையெழுத்து வந்திருக்கிறது. முதல் கையெழுத்து என் மனைவியுடையது, ஆயா கைநாட்டு வைத்திருக்கிறது.